இரண்டு கயிறு தெரிந்த டிவிடி

கலியாண வீட்டு வீடியோ வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு,

உங்கள் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். கேட்க வந்த பிள்ளை படியிறங்கும்போது இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனது. "அண்ணை, அந்தக் காலம் மாதிரி வருமோ எண்டு அழுது வடியாதேங்கோ. எங்களுக்கு உதவுற மாதிரி எழுதுங்கோ." நல்லது. எனக்கும் அழுது வடிய வராது. இந்தத் தொழிலில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகச் சிரித்தேன், சில நாட்களில் ராசா மாதிரி இணுவிலுக்கு வீடு திரும்பியிருக்கிறேன். அப்படித் திரும்பிய ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நான் பழகிய மென்பொருளை இப்போது எந்தக் கணினியும் ஏற்றுக்கொள்ளாது. டிவிடிக்கு ஏற்றினால் படம் துள்ளுகிறது, கோடு விழுகிறது, ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரிகிறது என்று உங்கள் கைபேசியில் தட்டிப் பாருங்கள். ஆயிரம் பேர் ஓடிவந்து மருந்து சொல்வார்கள். எந்தப் பழுதுக்கு மருந்து கொடுக்கலாம், எந்தப் பழுதைத் தொடுவதற்கு முன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

நல்லூர் மணப்பெண் ஒருத்தியின் தாயார் ஒருநாள் கலியாண டிவிடியைக் கொண்டுவந்து என் மேசையில் வீசினார்.

"என்ன தம்பி இது? கூறைச் சேலை முழுக்க எறும்பு ஊருது. இவ்வளவு காசு குடுத்து எடுத்த கூறை எறும்பு மொய்க்கவோ?"

கூறையின் சரிகைக்கரை மயிரிழைக் கோடுகளால் ஆனது. அத்தனை மெல்லிய கோடு பழைய ரீவியில் நடுங்கத்தான் செய்யும். நான் படத்தை மேலும் கீழுமாகச் சற்றே இளக்கிவிட்டேன். எங்கள் அறையில் அதற்கு மெழுகுவது என்று பெயர். எறும்பெல்லாம் ஓடிவிட்டது, அடுத்த கிழமை அவர் ஒரு டப்பா நிறையப் பயற்றம் பணியாரத்தோடு வந்தார். அங்கே மெழுகியது சரி. சேலையில் எறும்பு இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படத்தில் இருந்தது உண்மையில் என்னவென்று ஒருவருக்குமே தெரியாத வேளையில் மெழுகலாமா என்பதுதான் வில்லங்கமான கேள்வி. அந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவள் ஜெசிந்தா.

அப்போது என் ஸ்ரூடியோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பஸ் போனால் மேசை அதிரும். ஒரு காலையில், மடிக்கணினிப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண்பிள்ளை ஏறிவந்தாள். குருநகர்ப் பக்கத்தில் கத்தோலிக்கக் கோயிலைச் சுற்றிய ஒரு கரையோரப் பங்கு அவளுடைய ஊர். கோயிலின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் பக்கத்துப் பங்குக்காரர் எங்களுடைய வள்ள ஓட்டம் என்ன குறைச்சலோ என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

அந்தப் பங்கில் ஒவ்வொரு பெருநாளுக்கும் வள்ள ஓட்டம் நடக்கும். கிழக்குத் தெருவுக்கு நீல வள்ளம், மேற்குத் தெருவுக்குப் பச்சை வள்ளம். கரைக்குக் கிட்டத் தண்ணீரில் இரண்டு மரங்களை நட்டு, இடையில் கொடிகள் தொங்கும் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டுவார்கள். எந்த வள்ளத்தின் அணியம், அதாவது முன்மூக்கு, அந்தக் கயிற்றில் முதலில் முட்டுகிறதோ அந்தத் தெருவுக்குக் கோப்பை. வெறும் வெள்ளிப்பூச்சுக் கோப்பைதான். ஆனால் அது எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவார் வருசம் முழுக்கக் கடற்கரையில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே நடப்பார்கள்.

அந்த வருசம் இரண்டு வள்ளமும் ஏறக்குறைய ஒன்றாக வந்து முட்டின. நடுவருக்கு வெயில் நேரே கண்ணில். அவர் நீலம் என்றார். நீல வள்ளத்தில் சுக்கான் பிடித்தவர் மரியநாயகம், ஜெசிந்தாவின் தகப்பன். பச்சையில் சுக்கான் பிடித்த அருளப்பு, "நாங்கள்தான் முதல் முட்டினது" என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டுப் போனார். இதுவரை எல்லா வருசமும் நடக்கிற கதைதான். வினை வந்தது டிவிடியால்.

ஜெசிந்தா இறங்குதுறைச் சுவரில், கயிற்றுக்குப் பக்கத்தில் இருந்து முழு ஓட்டத்தையும் படம் பிடித்திருந்தாள். கமரா, கனடாவிலிருந்து வந்த மாமன் கொடுத்தது. வீட்டிலிருந்தபடியே தானே படத்தை வெட்டித் தொகுக்கப் பழகி, பாட்டுப் போட்டு, கயிற்றில் முட்டும் இடத்தை மெதுவாக ஓடவிட்டு, டிவிடி ஆக்கி, பங்கு மண்டபத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினாள். முதல் பாதியில் வள்ளங்கள் வேகம் எடுத்ததும் சனம் சிரிக்கத் தொடங்கியது. துடுப்புத் தண்டை இழுக்கும் ஒவ்வொரு வலிப்புக்கும் வள்ளம் முன்னுக்குப் போய், உடனே பின்னுக்கு வந்து, திரும்ப முன்னுக்குப் போனது.

"டேய், வள்ளம் ரிவேர்ஸ் எடுக்குதடா!"

அது சிரிப்போடு போயிருக்கும். கடைசியில் கயிறு வந்தது. மெதுவாக ஓடிய அந்த இடத்தில், திரையில் இரண்டு கயிறுகள் தெரிந்தன. ஒன்று நேராக நின்றது. மற்றது வளைந்து நின்றது. அணியங்களைச் சுற்றிப் பேய் மாதிரி இன்னொரு நிழல். அருளப்பு கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"உதென்ன ரெண்டு கயிறு? நாங்கள் கட்டினது ஒண்டுதானே! தகப்பன் வெல்லவேணும் எண்டு மகள் படத்துக்கு மேலை படம் ஒட்டியிருக்கிறாள்!"

அன்றிலிருந்து மேற்குத் தெருவில் அவளுக்கு 'ரெண்டு கயிறு' என்று பட்டம். சந்தைக்குப் போனால் பின்னாலிருந்து கத்துகிறார்கள். அது போதாதென்று கடலுக்கும் சண்டை இறங்கிவிட்டது. ஒருவர் விரித்த வலையை மற்றவரும் பார்த்துக்கொள்கிற கரை அது. இப்போது மேற்குத் தெருவார் மரியநாயகத்தின் வள்ளத்தைக் கரையேற்றக் கை கொடுப்பதில்லை. அவள் இதையெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோதுதான் குரல் கொஞ்சம் தளர்ந்தது.

"கோப்பை ஆரிட்டைப் போனாலும் போகட்டும் அண்ணை. நான் படம் ஒட்டேல்லை. எனக்கு அதை மட்டும் காட்டித் தாங்கோ."

டிவிடியைப் போட்டோம். வள்ளம் ரிவேர்ஸ் எடுத்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

ரிவேர்ஸ் எடுத்ததற்குக் காரணம் உங்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த மாதிரிக் கமரா ஒரு படத்தை ஒரே முறையில் எடுப்பதில்லை. ஓலைப்பாய் இழைக்கும்போது ஒன்று விட்டு ஒரு ஓலையைத் தூக்குவார்களே, அதுபோல முதலில் ஒன்று விட்டு ஒரு கோட்டை எடுக்கும், கண் இமைப்பதற்குள் மிச்சக் கோடுகளை எடுக்கும். இரண்டு பாதியும் பின்னி ஒரு படம். டிவிடிக்கு ஏற்றும்போது எந்தப் பாதி முந்தியது என்பதை மென்பொருளுக்கு மாற்றிச் சொல்லிவிட்டால், பிறகு நடந்தது முதலிலும் முதல் நடந்தது பிறகும் ஓடும். வள்ளம் பின்வாங்காமல் வேறென்ன செய்யும்? ஒரு தெரிவை மாற்றினால் தீர்ந்தது. மாற்றினேன், வள்ளம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஜெசிந்தாவின் முகத்தில் முதல் தடவையாகப் பல் தெரிந்தது.

கயிறுதான் வில்லங்கம். பேய் நிழலுக்குக் காரணம் அந்தக் கனடாக் கமரா. நொடிக்கு எத்தனை படம் என்பதில் அந்த நாட்டுக் கமராவின் கணக்கு வேறு, எங்கள் டிவிடியின் கணக்கு வேறு. கணக்கு இடிக்கும்போது மென்பொருள் பக்கத்துப் படங்கள் இரண்டைக் குழைத்து நடுவில் ஒன்றைத் தானாகச் செய்து வைத்துவிடும். மெதுவாக ஓடவிட்டால் இன்னும் கூடக் குழைக்கும். கடலில் நடக்கவே நடக்காத ஒரு கணம் டிவிடியில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து கமரா வராத வீடு எங்கள் குடாநாட்டில் எத்தனை? அந்த வீடுகளிலெல்லாம் இந்தப் பேய் குடியிருந்தது. எல்லாவற்றையும் நான் மெழுகித்தான் ஓட்டினேன்.

இதையும் மெழுக ஆயத்தமாகும்போது கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அந்தப் பங்கின் ஃபாதர் ஏறிவந்தார். இளம் வயது, பொறுமையான மனிதர், முகத்தில் ஒரு கிழமை நித்திரைக் களைப்பு. ஜெசிந்தாவைத் தேநீர் வாங்க அனுப்பிவிட்டு, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சிவம் ஐயா, நேற்று ரெண்டு தெருப் பெடியளும் கடற்கரையிலை தண்டோடை அடிபடப் போனவை. நான் நடுவிலை போய் நிண்டு மறிச்சனான். ஒரு உதவி செய்யவேணும். அந்தக் கயிறு வாற இடத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி, ரெண்டு வள்ளமும் ஒண்டாத் தொட்ட மாதிரி விட்டுவிடுங்கோ. கோப்பையை அரை வருசம் அவையும் அரை வருசம் இவையும் வைச்சிருக்கட்டும்."

"அப்ப ஃபாதர், அந்தப் பிள்ளை ஒட்டினவள் எண்ட கதை?"

"நாலு நாளிலை சனம் மறந்துபோகும்."

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. தண்டுக்கும் தலைக்கும் நடுவில் போய் நின்ற மனிதர் சமாதானம் கேட்பது நியாயம். எனக்கும் அது சுகமான வேலை. மெழுகிக் கொடுத்தால் ஃபாதருக்கு நிம்மதி, இரண்டு தெருவுக்கும் பாதிப் பாதிக் கோப்பை. ஆனால் மெழுகினால் அந்த டிவிடி உண்மையாகவே ஒட்டுப் படம் ஆகிவிடும். செய்யாத களவுக்காக ஏச்சு வாங்கிய பிள்ளையின் பெயரில் நான் அந்தக் களவைச் செய்து கொடுப்பதாக முடியும். இதை நினைத்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது, அதுவும் எதையும் மெழுகிவிடும் என் கைப்பழக்கத்தின்மேல்.

"பாப்பம் ஃபாதர்" என்றேன். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. அவருக்கு அது விளங்கியது. தேநீரைக் குடித்துவிட்டு, ஞாயிறு பின்னேரம் மண்டபத்தில் திரும்பவும் படம் போட ஒழுங்கு செய்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெசிந்தாவிடம் கமராவுக்குள் படம் பதிகிற சின்ன அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டில் படம் வெட்டுகிறவர்களில் பாதிப்பேர் டிவிடி வந்ததும் அட்டையைத் துடைத்து அடுத்த பிறந்தநாளுக்குப் பாவித்துவிடுவார்கள். அவள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தாள்.

"அப்பா சொன்னவர், உதை அழிச்சாக் களவு எண்டு உறுதியாகிப்போகும், கவனமா வைச்சிரு எண்டு."

மரியநாயகம் எப்பேர்ப்பட்ட மனிதர் என்பதை நான் அந்த இடத்திலேயே ஊகித்திருக்கலாம்.

அட்டையிலிருந்து நேராகக் கயிற்றிடத்தைத் திறந்தேன். பாட்டு இல்லை, மெதுவோட்டம் இல்லை, குழைப்பு இல்லை. ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். பேய் நிழல் போய்விட்டது. ஆனால் முட்டுகிற இடத்தில், வெட்டப்படாத அசல் படத்திலும், அதே இரண்டு கயிறுகள். நேராக ஒன்று, வளைந்து ஒன்று, ஓரங்களில் சீப்புப் பல். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணை, சத்தியமா நான் ஒண்டும்..."

"பொறு பிள்ளை" என்றேன். கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தேன். பாயில் ஒரு பாதி ஓலை ஒரு கணம், மறுபாதி ஓலை அடுத்த கணம். நேரான கயிறு முதல் பாதியில் இருக்கிறது, வளைந்த கயிறு இரண்டாம் பாதியில் இருக்கிறது. அப்படியானால் வள்ளம் முட்டிய அந்தக் கணமே இந்த ஒரு படத்துக்குள் மடிந்து கிடக்கிறது. எல்லாரும் ஒட்டு என்று கத்திய அந்தப் பழுதுதான் கடற்கரை முழுவதிலும் ஓட்டத்தின் முடிவைச் சரியாகப் பார்த்த ஒரே சாட்சி. நான் இவ்வளவு காலமும் மெழுகித் தள்ளிய சீப்புப் பல்லுக்குள் இப்படி ஒரு சாமான் இருந்திருக்கிறது!

இரண்டு பாதியையும் பிரித்தேன். முதல் பாதியில் கயிறு அந்த மரத்திலிருந்து இந்த மரம் வரை நேர்கோடு. இரண்டாவதில் கயிறு வளைந்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும். அடுத்த படத்தில் இரண்டு இடத்திலும் வளைந்திருந்தது.

என்னைவிட அவள் கண் கெதியானது.

"அண்ணை, பச்சைதான் முட்டியிருக்கு. அப்பான்ரை வள்ளம் இன்னும் முட்டேல்லை."

நீல அணியத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு விரல்கடை தண்ணீர் மினுங்கியது. அருளப்பு தொண்டை கிழியக் கத்தியது உண்மை. கீழே பஸ் ஒன்று போனது, மேசை அதிர்ந்தது, திரையில் அந்த விரல்கடை அப்படியே நின்றது.

தம்பி, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் உங்களுக்கு எழுத விரும்பினேன். ஒன்றும் செய்யவில்லை. கணினி எலியின்மேல் இருந்த என் விரலை எடுத்தேன், கதிரையைத் தள்ளிப் போட்டேன், அவளுக்கு இரண்டு வழியையும் சொன்னேன்.

"பிள்ளை, உதை மங்கலாக்கித் தரச்சொல்லி ஃபாதர் கேட்டவர். அப்பிடிச் செய்தா ரெண்டும் ஒண்டு. கோப்பை பாதி உங்களுக்கு. ஆனா ரெண்டு கயிறு எண்ட பேர் உனக்கு மாறாது. உதை இப்பிடியே காட்டினா நீ ஒட்டேல்லை எண்டு ஆரும் ஒப்புவினம். தகப்பன் தோத்த படத்தை எந்த மகள் ஒட்டுவாள்? ஆனா கோப்பை போகும்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "காட்டுவம். ஆனா அப்பா முதல் பாக்கவேணும். மண்டபத்திலை வைச்சு அவர் இதைப் பாக்கக் கூடாது."

நான் சொல்ல நினைத்ததை அவள் சொன்னாள். எனக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அன்று பின்னேரம் மரியநாயகம் வந்தார். கரிய, பெரிய மனிதர். இடுப்பில் கட்டியிருந்த சாரம் கடல்தண்ணீரில் நனைந்திருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னதற்கு, ஈரம் என்று சொல்லி நின்றுகொண்டே பார்த்தார். பாயையும் ஓலையையும் நான் சொல்லத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார். வலை முடிகிற மனிதருக்குப் பின்னலைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன் நான்!

"இன்னொருக்காப் போடுங்கோ."

போட்டேன். நேர்க் கயிறு. பச்சையில் வளைவு. நடுவில் விரல்கடை.

"நான் கடையாரிலை நிண்டு சுக்கான் பிடிச்சனான்" என்றார் மெதுவாக. "பின்பக்கத்திலை நிக்கிறவனுக்கு அணியம் தெரியாது. வெண்டது எண்டு தந்தவை, வாங்கினனான்." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "என்ரை பிள்ளை கள்ளி இல்லை எண்டு உதிலை தெரியுதோ?"

"வடிவாத் தெரியுது."

"அப்ப போடுங்கோ."

அவ்வளவுதான். ஜெசிந்தா அப்போதுதான் அழுதாள். தகப்பன் அவளுடைய தலையில் கையை வைத்து ஒருமுறை ஆட்டிவிட்டு, வலை காயப்போட்டபடி கிடக்கிறதென்று படியிறங்கிப் போனார்.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. கிழக்குத் தெரு ஒரு பக்கம், மேற்குத் தெரு மறுபக்கம், நடுவில் ஒரு பாதையை விட்டுக் கதிரை போட்டிருந்தார்கள். நான் நேரத்தோடு போய், அந்த மண்டபத்து டிவிடி மெசினிலேயே தட்டைப் போட்டுச் சரிபார்த்தேன். உங்கள் அறையில் ஓடியது அடுத்தவன் மெசினில் ஓடும் என்று ஒருநாளும் நம்பாதீர்கள். ஃபாதர் என்னிடம் மெல்ல வந்து, "சமாளிச்சாச்சோ ஐயா?" என்று கேட்டார். "பாப்பம் ஃபாதர்" என்றேன். அவருக்கு முகம் வெளுத்தது.

முதலில் படம் தொடக்கத்திலிருந்து ஓடியது. வள்ளம் பின்வாங்கவில்லை. தண்டுகள் தண்ணீரில் விழுந்து எழும்புவதைப் பார்த்துக் கிழக்கும் மேற்கும் சேர்ந்தே விசிலடித்தன. கயிறு வருவதற்கு முன் நிறுத்தினேன். நான் முன்னால் போய் வாயைத் திறக்க முதலே மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"உதையும் அவள்தானே செய்தவள்! இதிலை எத்தினை கயிறோ?"

சிரிப்பு. ஜெசிந்தா முன்வரிசையில் தலையைக் குனியாமல் இருந்தாள்.

இந்த மாதிரி நேரத்தில் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். இணுவிலிலிருந்து வந்த ஒரு வெளியாள் மைக்கைப் பிடித்துக் கோடு, பாதி, கணக்கு என்று கதைத்தால் சனம் இன்னும் சந்தேகப்படும். நான் மைக்கைத் தொடவில்லை. ஜெசிந்தாவின் கமராவை எடுத்து, அசல் அட்டையை அதற்குள் போட்டு, வயரைத் திரைப் பெட்டியில் கொழுவினேன். நேரே அருளப்புவிடம் போய்க் கமராவை அவர் கையில் கொடுத்தேன்.

"அண்ணை, நீங்களே ஓட்டுங்கோ. விருப்பமான இடத்திலை நிப்பாட்டுங்கோ. நான் கிட்டவும் வரேல்லை."

அருளப்பு சொண்டைக் கடித்துக்கொண்டு, தடித்த விரலால் பொத்தானைத் தேடி அமத்தினார். வள்ளங்கள் வந்தன. நிறுத்தினார். கமராவிலேயே கயிறு இரண்டாகத் தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கமராவுக்குள் போய் யாரும் படம் ஒட்ட முடியாது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"கமரா ஒரு படத்துக்கை ரெண்டு நேரத்தைப் பின்னி வைச்சிருக்குது" என்றேன். "பின்னலை அவிழ்த்து டிவிடியிலை வைச்சிருக்கிறன். ரிமோட்டையும் நீங்களே பிடியுங்கோ."

அவர் ஒரு தடவை அமத்தினார். நேர்க் கயிறு. இன்னொரு தடவை அமத்தினார்.

பச்சை வள்ளத்தின் மூக்கில் கயிறு வளைந்து நின்றது. நீல மூக்குக்கு முன்னால் விரல்கடை தண்ணீர். அருளப்பு பார்த்தார். திரும்பி முதல் படத்துக்குப் போனார், வந்தார், போனார், வந்தார். மேற்குத் தெருப் பக்கத்தில் முதலில் யாரோ ஒரு பெண் "யேசுவே" என்றாள். பிறகு கூரை பறக்கிற சத்தம். பெடியள் கதிரைமேல் ஏறினார்கள். அருளப்பு மட்டும் ஏறவில்லை. அவர் ரிமோட்டைப் பிடித்தபடி ஜெசிந்தாவையே பார்த்துக்கொண்டு நின்றார். தகப்பனைத் தோற்கடித்த படத்தைத் தன் கையால் எடுத்துக் கொடுத்த பிள்ளையைப் பார்த்தால் எந்த மனிதனுக்கும் கதிரைமேல் ஏற மனம் வராது.

அதற்குள் மரியநாயகம் எழும்பி வந்துவிட்டார். பெருநாளுக்குப் போடும் வெள்ளைச் சேட்டு. கையில் கோப்பை. பழப்புளி போட்டு மினுக்கிக் கொண்டுவந்திருந்தார். நடுப்பாதையைத் தாண்டிப் போய் அருளப்புவின் கையில் வைத்தார்.

"பிடி மச்சான். இது உங்கடை."

அருளப்பு கோப்பையை ஒரு கையிலும் ரிமோட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு தடுமாறினார். பிறகு கோப்பையைக் கொண்டுபோய் ஜெசிந்தாவின் மடியில் வைத்துவிட்டு, மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"பிள்ளை, நான் உன்னைக் கள்ளி எண்டு சொன்னனான். எல்லாருக்கும் முன்னாலை சொன்னனான், அதாலை எல்லாருக்கும் முன்னாலையே சொல்லுறன். பிழை என்னிலைதான். வாற வருசம் கயிற்றடியிலை உனக்குத்தான் கதிரை. நடுவர் வேணுமெண்டா வீட்டிலை படுக்கட்டும்."

நடுவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். கிழக்குத் தெருதான் முதலில் கை தட்டியது. தோற்ற தெரு அது, ஆனால் கை தட்டிய தட்டில் வென்ற தெரு தோற்றுப்போனது. ஃபாதர் என் பக்கத்தில் வந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, நான் கேட்டது கிடைச்சிட்டுது, ஆனா நான் கேட்ட மாதிரி இல்லை" என்றார். அடுத்த நாள் காலை மரியநாயகத்தின் வள்ளம் கரைக்கு வந்தபோது மேற்குத் தெருப் பெடியள் தண்ணீருக்குள் இறங்கி நின்றார்களாம்.

நான் அன்று தனியாகச் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் இணுவிலுக்குப் போனேன். வழியில் கண்ட பலர் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ராசா மாதிரி என்று நான் முதலில் எழுதியது அந்தப் பின்னேரத்தைத்தான். அதற்குப் பிறகும் எத்தனையோ டிவிடிகளை மெழுகினேன். ஆனால் மெழுக முதல், இதற்குள் என்ன மடிந்து கிடக்கிறது என்று ஒருமுறை பிரித்துப் பார்க்காமல் விட்டதில்லை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, எறும்புதான் இருக்கும். பரவாயில்லை, பாருங்கள்.

அடுத்த வருசம் ஓட்டத்தில் நீலம் ஒரு வள்ளம் அளவு முன்னால் வந்து வென்றது. படம் போட்டுப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. கயிற்றடிக் கதிரையில் இருந்த ஜெசிந்தாவை அருளப்பு திரும்பிப் பார்த்தார், அவள் தலையசைத்தாள், அவர் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டுபோய் மச்சான் மரியநாயகத்திடம் கொடுத்தார்.

கொஞ்சக் காலத்தில் அவள் கடற்கரை வீதியில் சொந்தமாக ஒரு சின்ன ஸ்ரூடியோ திறந்தாள். திறப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். பெயர்ப்பலகையைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். 'ரெண்டு கயிறு வீடியோ' என்று பெரிய எழுத்தில் எழுதுவித்திருந்தாள். பலகையை மாட்ட ஏணியில் ஏறியவர் அருளப்பு. தன் மூத்த மகளின் கலியாணத்துக்கு முதல் ஆளாய்ப் பதிவு செய்தவரும் அவர்தான். இடுப்பில் ஒரு பழைய கயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். அங்கங்கே சாயம்போன கொடித் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பெருநாளுக்குப் புதுக் கயிறு வாங்கியாயிற்றாம். கீழே நின்ற மரியநாயகம் கத்தியை நீட்ட, அருளப்பு அந்தக் கயிற்றை நடுவில் அறுத்து, பலகைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் கட்டினார்.

"இப்ப சரி" என்றார் ஏணியில் நின்றபடியே. "வந்து எண்ணிப் பாருங்கோ. ரெண்டு கயிறுதான்."